பிளாக்ஜாக்கில் 16 வந்தால் என்ன செய்வது?

21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடுகிற டீலரைவிடப் பெரிய மொத்தம் சேர்க்கப் பார்க்கும் காசினோ சீட்டாட்டம் பிளாக்ஜாக். அதன் விதிகளைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் தப்பாகவே ஆடுகிறவர்கள் ஏராளம். சீட்டு எடுக்கலாமா, போதும் என்று நிற்கலாமா என்று ஒவ்வொரு கையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மனசு சொல்கிறபடி எடுத்தால், முக்கியமான இடங்களில் அது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். எந்தக் கைக்கு எது சரி என்று கணக்குப் போட்டு எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதைத்தான் பேசிக் ஸ்ட்ராட்டஜி என்கிறார்கள், நம் வாயால் சொன்னால் அடிப்படை உத்தி. அட்டவணையாக அச்சடித்து விற்கிறார்கள். அதை உருப்போடுவதற்கு முன்னால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால், பாதி அட்டவணை தானாக மனதில் ஏறிவிடும்.

முதலில் விதிகள்.

மேசையின் ஒரு பக்கம் டீலர், எதிரே அரைவட்டமாக ஆட்டக்காரர்கள். எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொருவருக்கும் போட்டி டீலரோடு மட்டும்தான். பக்கத்து நாற்காலிக்காரர் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்களுக்கு அதில் லாபமோ நஷ்டமோ இல்லை.

சீட்டின் மதிப்பு எளிது. 2 முதல் 10 வரை அதில் போட்டிருக்கும் எண்தான். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸுக்கு மட்டும் இரண்டு மதிப்பு: 1 அல்லது 11, உங்களுக்கு எது வசதியோ அது. பூவா, இஸ்பேடா, கறுப்பா, சிவப்பா என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: 10, ஜாக்கி, ராணி, ராஜா என்று நான்கு வகைச் சீட்டுக்குப் பத்து மதிப்பு. 52 சீட்டில் 16 சீட்டு, அதாவது 13-ல் 4. வேறு எந்த மதிப்புக்கும் 13-ல் 1 பங்குதான். கவிழ்ந்திருக்கும் சீட்டு எதுவாக இருக்கும் என்று யாராவது கேட்டால், 'பத்தாக இருக்கலாம்' என்பதுதான் இருப்பதிலேயே நல்ல ஊகம். இந்த ஆட்டத்தின் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சீட்டு போடுவதற்கு முன்பே பணயம் வைத்துவிட வேண்டும். அப்புறம் எல்லோருக்கும் இரண்டிரண்டு சீட்டு. டீலருக்கும் இரண்டு, ஆனால் ஒன்று திறந்து, ஒன்று கவிழ்த்து. உங்கள் முறை வரும்போது சீட்டு கேட்கலாம், அது 'ஹிட்'. போதும் என்று நிற்கலாம், அது 'ஸ்டாண்ட்'. எத்தனை சீட்டு வேண்டுமானாலும் வாங்கலாம், மொத்தம் 21-ஐத் தாண்டாதவரை. தாண்டினால் 'பஸ்ட்', உங்கள் சிப், அதாவது காசுக்குப் பதிலாகப் பணயம் வைத்த வில்லை, அந்த நிமிடமே போய்விடும். எல்லோரும் முடித்ததும் டீலர் தன் கவிழ்த்த சீட்டைத் திருப்புவார். அவருக்குச் சொந்த விருப்பம் கிடையாது. 16 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 17 வந்துவிட்டால் நின்றே ஆக வேண்டும். டீலர் பஸ்ட் ஆனால் மிச்சமிருக்கும் எல்லோருக்கும் வெற்றி. இல்லாவிட்டால் மொத்தத்தை ஒப்பிட்டு, பெரியது ஜெயிக்கும். சமமாக இருந்தால் 'புஷ்', பணயம் திரும்பி வரும்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஒரு ஏஸும் ஒரு பத்து மதிப்புச் சீட்டும் வந்துவிட்டால் அதுதான் 'பிளாக்ஜாக்'. 'பத்தோடு பதினொன்று' என்று நாம் அலட்சியமாகச் சொல்வது இந்த ஒரு ஆட்டத்தில்தான் ராஜயோகம். வழக்கமான வெற்றிக்கு வைத்த அளவே கிடைக்கும், பிளாக்ஜாக்குக்கு 3:2. 10 சிப் வைத்திருந்தால் 15 சிப் கிடைக்கும். சுமார் 21 கைக்கு ஒரு முறை வரும். டீலருக்கும் பிளாக்ஜாக் வந்துவிட்டால் மட்டும் புஷ்.

இப்போது ஒரு கேள்வி. டீலருக்கும் உங்களுக்கும் சீட்டு ஒரே கட்டிலிருந்துதான் வருகிறது. நீங்கள் விரும்பியபடி ஆடலாம், அவரால் முடியாது. உங்கள் பிளாக்ஜாக்குக்குக் கூடுதல் பணம், அவருக்கு அதுவும் இல்லை. அப்படியிருக்க வீட்டுக்காரன், அதாவது காசினோ, எப்படிச் சம்பாதிக்கிறது?

விடை ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். நீங்கள் பஸ்ட் ஆகி, பின்னால் டீலரும் பஸ்ட் ஆனால் நியாயப்படி அது சமம். ஆனால் உங்கள் சிப்பை அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். காசினோவின் வருமானம் முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதை எண்ணாகவே பார்த்துவிடலாம். டீலர் தன் விதிப்படி ஆடினால் 100 கையில் சுமார் 28 முறை பஸ்ட் ஆவார். 'டீலர் செய்வதையே நானும் செய்கிறேன்' என்று நீங்களும் 16 வரை எடுத்து 17-ல் நின்றால், நீங்களும் 28 முறை பஸ்ட். இரண்டு பேரும் ஒரே கையில் பஸ்ட் ஆவது 28-ல் 28 சதவீதம், ஏறக்குறைய 8 முறை. அந்த 8 கையும் காசினோவுக்கு. உங்கள் பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் அந்த அரைப் பங்கு கூடுதலால் 2 சிப்புக்குக் கொஞ்சம் மேலே திரும்ப வரும். கழித்தால் 100 சிப் பணயத்துக்குச் சுமார் 5.5 சிப் நஷ்டம். 'பஸ்ட்டே ஆக மாட்டேன், 12 வந்தாலே நின்றுவிடுவேன்' என்று பயந்து ஆடினால் சுமார் 4 சிப் நஷ்டம். கோழைத்தனம் டீலரைக் காப்பியடிப்பதைவிடக் கொஞ்சம் மலிவு என்பது வேடிக்கைதான்.

அடிப்படை உத்திப்படி ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் இந்த நஷ்டம் 100-க்கு அரை சிப் அளவுக்கு இறங்கிவிடும். பூஜ்யம் ஆகாது.

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர்கள் சூதாடிகள் இல்லை. 1950-களில் அமெரிக்க ராணுவத்தில், மேரிலாந்தின் அபர்டீன் ஆயுதச் சோதனைத் தளத்தில் இருந்த நான்கு பேர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மெய்சல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். கம்ப்யூட்டர் இல்லாமல் மேசைக் கால்குலேட்டரைத் தட்டித் தட்டியே கணக்கிட்டு, 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்னால் எம்ஐடியில் இருந்த கணிதக்காரர் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் கணக்கை மேலும் துல்லியமாக்கி, அங்கிருந்து சீட்டை எண்ணும் முறைக்குப் போனார். அவர் 1962-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் காசினோக்கள் இந்த ஆட்டத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கின.

சரி, உத்திக்கு வருவோம்.

அந்த நான்கு பேரின் கணக்கும் உங்கள் கையை மட்டும் பார்த்துப் போட்டதில்லை. டீலரின் திறந்த சீட்டைப் பார்த்துப் போட்டது. டீலருக்கு மூளையை உபயோகிக்க அனுமதி இல்லை என்பதால், அந்த ஒரு சீட்டை வைத்தே அவர் எத்தனை முறை பஸ்ட் ஆவார் என்று சொல்லிவிடலாம். திறந்த சீட்டு 2 என்றால் 100-ல் சுமார் 35 முறை. 3-க்கு 37, 4-க்கு 40, 5-க்கும் 6-க்கும் 42. அடுத்து 7. அங்கே எண் திடீரென்று 26-க்கு விழுந்துவிடும். 8-க்கு 24, 9-க்கு 23, பத்துக்கும் அதே அளவுதான். ஏஸ் என்றால் இன்னும் குறைவு.

6-க்கும் 7-க்கும் இடையில் ஏன் இந்தப் பள்ளம்? மேலே குறித்துக்கொண்ட வரியை நினைத்துப் பாருங்கள். கவிழ்ந்திருப்பது பத்தாக இருக்கலாம். 6-க்குக் கீழே பத்து என்றால் 16, இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும், வழுக்கி விழ நிறைய வாய்ப்பு. 7-க்குக் கீழே பத்து என்றால் 17, அங்கேயே நின்றுவிடுவார். ஆக டீலரின் 2 முதல் 6 வரை நமக்கு நல்ல காலம், 7 முதல் ஏஸ் வரை கெட்ட காலம். உத்தி முழுவதையும் இந்தக் கோடு இரண்டாகப் பிளக்கிறது.

இனி உங்கள் பக்கம். 11 வரை மொத்தம் இருந்தால் எந்தச் சீட்டு வந்தாலும் பஸ்ட் ஆகாது, தயங்காமல் எடுக்கலாம். 17, அதற்கு மேல் என்றால் நின்றுவிட வேண்டும். சிக்கல் எல்லாம் 12 முதல் 16 வரை. 12-ல் ஒரு சீட்டு எடுத்தால் பத்து மட்டுமே உங்களைக் கவிழ்க்கும்: 100-ல் 31. 13-ல் 38, 14-ல் 46, 15-ல் 54, 16-ல் 62.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்களிடம் 16, டீலரிடம் 6. எடுத்தால் 62 முறை அந்த இடத்திலேயே முடிந்தது கதை. நின்றால் டீலர் 42 முறை தானே பஸ்ட் ஆவார். 42 வெற்றி, 58 தோல்வி, 100 சிப்புக்குச் சுமார் 16 நஷ்டம். நல்ல கை என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதே 16, டீலரிடம் 7 என்றால்? இப்போது நின்றால் ஜெயிப்பது 26 முறைதான், சுமார் 48 சிப் போகும். எடுத்தால் 62 முறை பஸ்ட் ஆகும் என்று தெரிந்தும், மீதியுள்ள 38-ல் கிடைக்கும் 17 முதல் 21 வரையிலான கைகளால் நஷ்டம் 41, 42 அளவுக்குக் குறையும். அதனால் எடுக்க வேண்டும். கை கூசும். நானும் பழகிய புதிதில் டீலரின் 7-க்கு எதிராக 16-ல் நின்று நின்று பார்த்தவன்தான். பஸ்ட் ஆகித் தோற்பது நாமே போய் விழுந்த மாதிரியும், நின்று தோற்பது விதி மாதிரியும் தோன்றும். சிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆக விதி இது: 13 முதல் 16 வரை இருந்தால், டீலரின் 2 முதல் 6 வரை நில்லுங்கள், 7 முதல் எடுங்கள். 12-க்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு. டீலரின் 4, 5, 6-க்கு நிற்க வேண்டும், 2-க்கும் 3-க்கும் எடுக்க வேண்டும். பஸ்ட் ஆகும் ஆபத்து 31தான். டீலரின் 2 அவ்வளவு பலவீனமான சீட்டும் இல்லை. 2-க்கு எதிராக 12-ல் நின்றால் 100 சிப்புக்கு 29 போகும், எடுத்தால் 25. வித்தியாசம் சின்னது, ஆனால் இந்தக் கை அடிக்கடி வரும்.

இதுவரை சொன்னது ஏஸ் இல்லாத, அல்லது ஏஸை 1 என்று எண்ண வேண்டிய நிலையில் உள்ள கைக்கு. அதை 'ஹார்டு' கை என்பார்கள். ஏஸை 11 என்று எண்ண முடிகிற கை 'சாஃப்ட்'. ஏஸ்-6 என்றால் சாஃப்ட் 17. பத்து ஒன்று வந்து விழுந்தாலும் 27 ஆகாது, ஏஸ் 1 ஆகச் சுருங்கி மறுபடி 17 ஆகிவிடும். ஒரு சீட்டால் பஸ்ட் ஆகவே முடியாத கை இது. அதனால் சாஃப்ட் 17-ல் ஒருபோதும் நிற்கக் கூடாது. 17 என்ற எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடுவது புதியவர்களின் பழக்கம், ஆனால் 17 என்பதே தரித்திரமான மொத்தம். டீலர் பஸ்ட் ஆனால் ஒழிய அதனால் ஜெயிக்கவே முடியாது.

ஏஸ்-7, சாஃப்ட் 18, இன்னும் தந்திரமானது. டீலரின் 2, 7, 8-க்கு நிற்க வேண்டும். 9, பத்து, ஏஸுக்கு எடுக்க வேண்டும்! 18 கையில் இருக்கும்போது சீட்டு கேட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். டீலரின் 9-க்குக் கீழே பத்து இருந்தால் 19. நின்றால் 100 சிப்புக்கு 18 போகும், எடுத்தால் 10. அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

டபுள், ஸ்ப்ளிட்

நஷ்டத்தைக் குறைப்பது ஒரு பாதி. நல்ல நிலையில் இருக்கும்போது பணயத்தை ஏற்றுவது மறுபாதி. சரியாக ஆடுகிறவர்கூட 100 கையில் 42, 43தான் ஜெயிப்பார், 49 தோற்பார், மீதி சமம். தோல்வி அதிகம் இருந்தும் நஷ்டம் அரை சிப்பில் நிற்கிறது என்றால், ஜெயிக்கும் கைகள் பெரிய கைகளாக இருப்பதால்தான். பிளாக்ஜாக்கின் கூடுதல் பணம் ஒன்று, டபுளும் ஸ்ப்ளிட்டும் மற்றது.

டபுள் என்றால் முதல் இரண்டு சீட்டைப் பார்த்த பிறகு பணயத்தை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு நிற்பது. உங்களிடம் 11, டீலரிடம் 6 என்று வையுங்கள். வரப்போவது பத்து என்றால் 21. வராவிட்டாலும் டீலர் 42 முறை விழுவார். சும்மா ஹிட் செய்தால் 100 சிப்புக்குச் சராசரி 33 லாபம். டபுள் செய்தால் 67. மொத்த ஆட்டத்தில் இதைவிட இனிப்பான இடங்கள் குறைவு, இங்கே கை நடுங்கி ஹிட் மட்டும் சொல்கிறவர் பாதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். 11 வந்தால் டீலரின் 2 முதல் 10 வரை டபுள். 10 வந்தால் 2 முதல் 9 வரை. 9 வந்தால் 3 முதல் 6 வரை மட்டும். சாஃப்ட் கைகளிலும் டீலர் பலவீனமாக இருக்கும்போது டபுள் உண்டு: ஏஸ்-6, ஏஸ்-7 இரண்டுக்கும் 3 முதல் 6 வரை, ஏஸ்-4, ஏஸ்-5 இரண்டுக்கும் 4 முதல் 6 வரை, ஏஸ்-2, ஏஸ்-3 இரண்டுக்கும் 5, 6 மட்டும். இவை கொஞ்சம் பின்னால் படித்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு வந்தால் அதைப் பிரித்து, இன்னொரு பணயம் வைத்து, இரண்டு கையாக ஆடலாம். அது ஸ்ப்ளிட். ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரிக்க வேண்டும். பத்து ஜோடியையும் 5 ஜோடியையும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. 5-5 என்பது அருமையான 10, அதை டபுள் செய்வதை விட்டுவிட்டு இரண்டு நோஞ்சான் கையாக்குவானேன். பத்து ஜோடியைப் பிரிக்கும் ஆசை எல்லோருக்கும் ஒரு நாள் வரும், அதுவும் டீலரிடம் 6 இருக்கும்போது. 20-ல் நின்றால் 100 சிப்புக்கு 70 லாபம். பிரித்தால் கூடுதல் பணயமும் வைத்து 60-க்குக் கீழேதான் கிடைக்கும்.

8 ஜோடிதான் ஜீரணிக்கக் கஷ்டம். டீலரிடம் ராஜா, உங்களிடம் 8-8. இந்த நேரத்தில் இன்னும் ஒரு பணயம் வைப்பதா? 16 ஆகவே வைத்து ஆடினால் 54 நஷ்டம். பிரித்தால் 48. இரண்டு பணயத்தையும் சேர்த்துத்தான் அந்த 48. லாபத்துக்காகச் செய்கிற ஸ்ப்ளிட் இல்லை இது, எரிகிற வீட்டில் பாதியையாவது காப்பாற்றுவது.

மற்ற ஜோடிகள்: 2-2, 3-3, 7-7 ஆகியவற்றை டீலரின் 2 முதல் 7 வரை பிரிக்கலாம். 6-6-ஐ 2 முதல் 6 வரை. 4-4-ஐ 5, 6-க்கு மட்டும். 9-9 அழகான கை: 2 முதல் 6 வரையும், 8, 9-க்கும் பிரிக்க வேண்டும், ஆனால் நடுவில் 7-க்கு மட்டும் நிற்க வேண்டும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். 7-க்குக் கீழே பத்து என்றால் 17, உங்களிடம் 18.

ஏஸைப் பிரித்தால் பெரும்பாலான மேசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சீட்டுதான் தருவார்கள். அங்கே பத்து வந்தால் அது சாதாரண 21, பிளாக்ஜாக் கணக்கில் சேராது. அப்படியும் பிரிப்பதுதான் லாபம்.

இன்சூரன்ஸ் என்ற பொறி

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால் 'இன்சூரன்ஸ் வேண்டுமா' என்று கேட்பார். பெயர் நன்றாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால், கவிழ்ந்த சீட்டு பத்து என்று தனியாக ஒரு பந்தயம், உங்கள் பணயத்தில் பாதி அளவுக்கு. சரியாக இருந்தால் 2:1 கிடைக்கும். 2:1 கிடைக்கும் பந்தயம் நஷ்டமில்லாமல் ஓட வேண்டுமானால் மூன்றில் ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும். ஆனால் பத்து வருவது 13-ல் 4. மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. 13 முறை 1 சிப் வைத்தால் 4 முறை 8 சிப் வரும், 9 முறை 9 சிப் போகும். உங்கள் கையைக் காப்பாற்றுவது போலத் தோன்றினாலும் உங்கள் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதன் இன்னொரு வேஷம்: உங்களிடம் பிளாக்ஜாக், டீலரிடம் ஏஸ். 'இப்போதே சமமாக, வைத்த அளவு வாங்கிக்கொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். 10 சிப் உறுதியாகக் கைக்கு வருகிறதே என்று தலையாட்டத் தோன்றும். மறுத்தால் 13-ல் 9 முறை 15 கிடைக்கும், 4 முறை ஒன்றுமில்லை. சராசரி 10.4. மறுத்துவிடுங்கள்.

மேசையில் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் சின்னச் சின்ன 'சைடு பெட்'களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரதான ஆட்டத்தைவிடப் பல மடங்கு வீட்டுக்காரனுக்குச் சாதகமானவை.

உட்காரும் முன் மேசையைப் படியுங்கள்

மேசைத் துணியிலேயே விதிகள் எழுதியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது பிளாக்ஜாக்குக்கு என்ன தருகிறார்கள் என்பது. 3:2 என்று இருந்தால் சரி. 6:5 என்று இருந்தால் எழுந்து போய்விடலாம். 6, 5 என்று பெரிய எண்களாக இருப்பதால் நிறையத் தருகிற மாதிரி ஒரு மயக்கம். உண்மையில் 10 சிப்புக்கு 15-க்குப் பதில் 12தான் வரும். இந்த ஒரு வரி காசினோவின் பங்கை 100-க்கு 1.4 சிப் அளவு ஏற்றிவிடும். இவ்வளவு நேரம் படித்து அரை சிப்புக்கு இறக்கியது, ஒரே வரியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பஸ்ட், டபுள் என்று ஆயிரம் நுணுக்கம் படித்துவிட்டு 6:5 மேசையில் உட்காருவது, ஓட்டைப் பானையில் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றுகிற வேலை.

அடுத்தது, டீலர் சாஃப்ட் 17-ல் நிற்கிறாரா, எடுக்கிறாரா. நின்றால் நமக்கு நல்லது. எடுத்தால் 100-க்கு 0.2 போலக் கூடுதல் நஷ்டம், அத்துடன் 11-ஐ ஏஸுக்கு எதிராகவும் டபுள் செய்வது போன்ற சில சின்ன மாற்றங்கள் வரும். இந்தக் கட்டுரையில் சொன்ன உத்தி, பல கட்டுகளைக் கலந்து ஆடும், டீலர் எல்லா 17-லும் நிற்கும், ஸ்ப்ளிட்டுக்குப் பிறகும் டபுள் அனுமதிக்கும் மேசைக்கானது. வேறு சில இடங்களில் டீலர் தன் இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார். அவருக்கு பிளாக்ஜாக் வந்தால் நீங்கள் டபுள், ஸ்ப்ளிட்டுக்காகக் கூட்டிய சிப்பும் சேர்ந்து போகும். அங்கே டீலரின் பத்துக்கும் ஏஸுக்கும் எதிராக 11-ஐ டபுள் செய்வதையும் 8-ஐப் பிரிப்பதையும் விட்டுவிட வேண்டும்.

பக்கத்து நாற்காலி பற்றியும் ஒன்று. கடைசி நாற்காலியில் இருப்பவர் தப்பாக ஒரு சீட்டு எடுத்ததால் டீலர் ஜெயித்துவிட்டார் என்று மேசையே அவரைத் திட்டுவது உண்டு. அவர் எடுத்த சீட்டு சில நேரம் உங்களைக் கெடுக்கும், அதே அளவுக்குச் சில நேரம் காப்பாற்றும். காப்பாற்றியது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அரை சிப் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டே வந்ததில் ஒரு தப்பெண்ணம் வந்துவிடக் கூடாது. கைக்கு 10 சிப் வீதம் 100 கை ஆடினால் 1000 சிப் பணயம், எதிர்பார்க்கும் நஷ்டம் 5 சிப். ஆனால் அந்த 100 கை முடிவில் நீங்கள் 115 சிப் மேலேயோ கீழேயோ இருப்பது சர்வ சாதாரணம். சரியாக ஆடிய நாளில் வழித்துத் துடைத்தது போலப் போவதும், கண்ணை மூடிக்கொண்டு ஆடியவன் அள்ளிக்கொண்டு போவதும் தினசரிக் காட்சி. இந்த ஆட்டத்தில் ஒரு மாலையின் முடிவை வைத்து உத்தியை எடைபோட முடியாது.

சீட்டு எண்ணுவது வேறு பாடம். சுருக்கமாக, கட்டில் மிச்சமிருப்பதில் பத்துகளும் ஏஸ்களும் அதிகம் இருந்தால் ஆட்டக்காரருக்குச் சாதகம், அப்போது பணயத்தை ஏற்றுவது. அடிப்படை உத்தி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்கு ஆன பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இயந்திரம் கலைத்துப் போடும் ஆட்டங்களில் அது பயன்படாது.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. உங்களிடம் 16, டீலரிடம் பத்து. நின்றால் 23 முறை டீலர் விழுவார், 77 முறை நீங்கள் தோற்பீர்கள், நஷ்டம் 54. எடுத்தாலும் ஏறக்குறைய அதே 54தான், மயிரிழை குறைவு. அந்த மயிரிழைக்காகத்தான் அட்டவணை 'எடு' என்கிறது. சில மேசைகளில் 'சரண்டர்' உண்டு: பாதிப் பணயத்தைக் கொடுத்துவிட்டுக் கையை மடக்கிவிடலாம். 50தான் போகும், அதனால் அதுவே மேல். 16-ஐ டீலரின் 9, பத்து, ஏஸுக்கு எதிராகவும், 15-ஐப் பத்துக்கு எதிராகவும் சரண்டர் செய்யலாம். 8-8 மட்டும் இதில் சேராது, அதைப் பிரித்துவிடுவோம்.

வீட்டில் பழக ஒரு வழி. சீட்டுக் கட்டிலிருந்து ஒரு ராஜாவை எடுத்து எதிரே வையுங்கள், அது டீலர். உங்கள் முன்னால் 9-ம் 7-ம். மிச்சத்தைக் கலைத்து, மேல் சீட்டைக் கவிழ்த்து ராஜாவுக்குக் கீழே செருகுங்கள். அது ஏஸாக இருந்தால் அந்தக் கையைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி கலையுங்கள். இருபது முறை நின்று பாருங்கள், இருபது முறை எடுத்துப் பாருங்கள், ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே. நான் இதைச் செய்தபோது நின்ற இருபதில் நான்கு ஜெயித்தேன், எடுத்த இருபதில் ஐந்து. அப்புறம் ராஜாவை எடுத்துவிட்டு ஒரு 6-ஐ வைத்து, நின்றபடியே ஆடிப் பாருங்கள்.